சக ஆட்டக்காரர் பட் போடும்போது எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

டிஸ்க் கோல்ஃபுக்கு, அதாவது தட்டு மாதிரியான டிஸ்க்கைக் கூடைக்குள் எறியும் ஆட்டத்துக்கு, புதிதாக வருபவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கும், இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். "அடுத்தவர் பட் போடும்போது, அதாவது கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும்போது, கண்ணில் படாமல் ஒதுங்கி நில்" என்பார் ஒருவர். "போனை உள்ளே வை, அவர் எறிவதைக் கவனி" என்பார் இன்னொருவர். ஒதுங்கவும் வேண்டும், கவனிக்கவும் வேண்டும் என்றால் எப்படி? பலரும் குழம்பிப்போய், தரையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிடுகிறார்கள். பார்க்கப் பணிவாகத்தான் இருக்கும், ஆனால் விதிப்படி அது பாதி வேலையைச் செய்யாமல் விட்டதற்குச் சமம்.

குழப்பத்துக்குக் காரணம், மரியாதை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி வேலைகளைப் போட்டு வைத்திருப்பதுதான். கூட ஆடுபவரைப் பார்ப்பது உங்கள் கடமை. அவர் பார்வைக்குள் நீங்கள் புகுவது தவறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும், தாராளமாகவே முடியும், அதற்கு நல்ல மனசு மட்டும் போதாது, நிற்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். அடிப்படையிலிருந்து போகலாம்.

## பட் என்பது எது

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: குழிக்குப் பதிலாக ஒரு கம்பத்தில் மாட்டிய கம்பிக் கூடை, அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகள். எறிந்த டிஸ்க் சங்கிலியில் மோதி வேகம் அடங்கிக் கூடைக்குள் விழ வேண்டும். சங்கிலிக் கூடையை உருவாக்கியவர் அமெரிக்கரான எட் ஹெட்ரிக். 1976-ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை, அதாவது பி.டி.ஜி.ஏ.வை, தொடங்கியவரும் அவரே. பெரிய போட்டிகள் அந்தச் சங்கத்தின் விதிப்புத்தகப்படிதான் நடக்கின்றன. நண்பர்களுக்குள் சும்மா ஆடும்போதுகூட ஒரு தகராறு வந்தால் கடைசியில் எல்லோரும் திறப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் இடம் பட்டிங் பகுதி. ஆட்டக்காரர்கள் இதை சர்க்கிள் ஒன் என்பார்கள். 10 முதல் 20 மீட்டர் வரை சர்க்கிள் டூ. பேச்சு வழக்கில் இரண்டு இடத்திலிருந்து எறிவதும் பட்தான், ஆனால் விதிக்கு முதல் வட்டம் மட்டுமே முக்கியம். அதற்கு வெளியே, எறிந்த வேகத்தில் நாலு அடி முன்னால் போய் நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே அது நடக்காது. டிஸ்க்கை விட்ட பிறகு, தன் உடம்பு தன் கட்டுப்பாட்டில் இருப்பதை மார்க்கருக்குப் பின்னால் நின்று காட்டிவிட்டுத்தான் கூடையை நோக்கிக் கால் வைக்க வேண்டும். தடுமாறி முன்னால் போய்விட்டால் ஒரு வீச்சு தண்டம், அதாவது அவர் கணக்கில் ஒரு வீச்சு கூடிவிடும்.

மார்க்கர் என்றால்? முந்தைய வீச்சில் டிஸ்க் விழுந்த இடத்தின் அடையாளம். விழுந்த டிஸ்க்கையே அப்படியே விட்டுவைக்கலாம், அல்லது மினி என்கிற உள்ளங்கை அளவு டிஸ்க்கை அதன் முன்விளிம்பை ஒட்டி வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மார்க்கரின் பின்விளிம்பிலிருந்து பின்னோக்கி 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள ஒரு செவ்வகம்தான் 'லை'. ஏறக்குறைய ஒரு ஏ4 தாளைத் தரையில் வைத்தது மாதிரி. டிஸ்க் கையை விட்டுப் போகும் நொடியில் உடம்பின் ஏதாவது ஒரு தாங்கு பகுதி, பெரும்பாலும் ஒரு கால், அந்தத் தாளுக்குள் இருக்க வேண்டும், தரையைத் தொடும் வேறெதுவும் மார்க்கரின் பின்விளிம்பைவிடக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதை மீறினால் பேச்சு வழக்கில் ஃபுட் ஃபால்ட். இந்த ஏ4 தாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## நடுவர் எங்கே?

இல்லை. அதுதான் விஷயமே.

பெரிய போட்டிகளில் அதிகாரிகள் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஒரு நடுவர் விசிலோடு நடப்பதில்லை. ஒரே கார்டில், அதாவது ஒரே குழுவில், ஆடுபவர்கள்தான் ஒருவருக்கொருவர் நடுவர்கள். ஒரு ஆட்டக்காரர் மீறலைச் சொல்ல வேண்டும், எறிந்தவரைத் தவிர அதே குழுவில் இன்னொருவராவது "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று ஆமோதிக்க வேண்டும், அப்போதுதான் அது செல்லும். அதுவும் உடனே சொல்ல வேண்டும். இரண்டு கூடை தாண்டிப் போய், மதியச் சாப்பாட்டின்போது ஞாபகம் வந்து சொன்னால் எடுபடாது. போட்டிகளில் தவிர்க்க முடியாத காரணம் இல்லாவிட்டால் ஒரு குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது என்று வைத்திருப்பதன் நியாயம் இங்கே புரியும்: ஒருவர் எறிய, ஒருவர் சொல்ல, ஒருவர் ஆமோதிக்க.

இப்போது மூன்று பேர் கார்டில் ஒருவர் பட் போடுகிறார், இன்னொருவர் அடுத்த டீயை, அதாவது அடுத்த கூடைக்கு முதல் வீச்சு எறியும் இடத்தை, நோக்கி நடந்துகொண்டே ஸ்கோரைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். மீதி இருப்பது ஒரே ஒரு சாட்சி. அவர் என்ன பார்த்தாலும் ஆமோதிக்க ஆள் இல்லை. அந்த ஒரு பட்டுக்கு விதியே கிடையாது என்று ஆகிவிடுகிறது. குழுவில் மற்றவர்கள் எறிவதைப் பார்க்க வேண்டும், அது விதிமீறலைக் கவனிக்கவும் டிஸ்க்கைத் தேடவும் உதவும் என்று விதிப்புத்தகத்தின் நன்னடத்தைப் பகுதி நெடுங்காலமாகச் சொல்லி வருவது இதனால்தான். பார்க்காமல் இருப்பதும் அநாகரிகக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பார்வை எறிபவருக்கும் பாதுகாப்பு. டிஸ்க் கூடைக்குள் இருந்தால் மட்டும் போதாது, கூடையின் மேல்விளிம்புக்கு மேலாகவும் சங்கிலியைத் தாங்கும் வளையத்துக்குக் கீழாகவும் அது நுழைந்திருக்க வேண்டும். பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு உள்ளே வந்த டிஸ்க் செல்லாது. எப்படி நுழைந்தது என்று யாரும் பார்க்கவில்லை என்றால், நியாயமாகப் போட்டவர்கூட சந்தேகத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

சொல்லப்போனால், நண்பருக்கு எதிராக ஃபுட் ஃபால்ட் சொல்லும் தைரியம் பலருக்கும் கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தில் ஒரு பங்கு இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வழிதான் என்பது என் கணிப்பு. பார்க்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

## சரி, எதைப் பார்ப்பது

முகத்தைப் பார்க்க வேண்டாம். எறியப் போகிறவரின் முகத்தையே உற்றுப் பார்ப்பது அவருக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. கண் போக வேண்டிய வரிசை இது:

1. மார்க்கரும் முன்னங்காலும். டிஸ்க் கையை விடும் கணத்தில் கால் அந்த ஏ4 தாளுக்குள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வலது கைக்காரர் வழக்கமாக வலது காலை முன்னால் வைத்து நிற்பார். கால் நுனி மார்க்கரை ஒட்டி இருக்கும், எக்கி எறியும்போது அது முன்னால் வழுக்கும் வாய்ப்பு உண்டு. கால்களை அகட்டி நின்று எறியும் ஸ்டிராடில் முறையில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு கால் லையில் ஒழுங்காக இருக்கும், தூரமாக வைத்த மற்றொரு கால் தெரியாமல் கொஞ்சம் முன்னுக்குப் போய், மார்க்கரைவிடக் கூடைக்கு நெருக்கமாகிவிடும். மரத்தைச் சுற்றி எட்டி எறியும்போது இது அடிக்கடி நடக்கும்.

2. விட்ட பிறகு உடம்பு. பின்னங்கால் மேலே தூக்கி, உடம்பு முன்னால் சாய்ந்து, ஒற்றைக் காலில் ஒரு கணம் கொக்கு மாதிரி ஆடும். அங்கேயே நிலைத்துப் பின்னங்காலைக் கீழே வைத்தால் சரி. அந்தச் சாய்வின் தொடர்ச்சியாகவே ஒரு அடி முன்னால் விழுந்தால் சரியில்லை. டிஸ்க் உள்ளே போகிறதா என்று எல்லோர் கண்ணும் கூடைக்குப் போய்விடுகிற அதே நொடியில்தான் இது நடந்து முடிகிறது, அதனால்தான் இவ்வளவு தப்புகிறது. மூன்று பேர் பார்த்தால் ஒருவர் காலில் கண்ணை விட்டுவைப்பது நல்லது. யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை, ஆனால் பழகிய கார்டுகளில் அது தானாகவே அமைந்துவிடும்.

3. அப்புறம் டிஸ்க். தவறிய பட் கூடைக் கம்பியில் மோதி, விளிம்பில் நின்று, சரிவில் உருள ஆரம்பித்தால் 15 மீட்டர் ஓடிப் புதருக்குள் போய்விடும். எறிந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார், அவர் பார்க்க மாட்டார். நீங்கள் பார்த்திருந்தால் தேடும் நேரம் மிச்சம்.

4. காற்று. இது உங்கள் சுயலாபம், அதில் தப்பில்லை. கூடைக்குத் தூரமாக இருப்பவர்தான் முதலில் எறிவார், எனவே பக்கத்தில் இருப்பவருக்கு இலவசப் பாடம் கிடைக்கும். எதிர்க்காற்று டிஸ்க்கை மேலே தூக்கும், பின்காற்று கீழே அழுத்தும். முன்னால் போட்டவரின் டிஸ்க் கடைசி மூன்று மீட்டரில் மேலே ஏறியதா, சட்டென்று இறங்கியதா என்று பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் அடுத்த பட்டில் வித்தியாசம் தெரியும்.

## எறிபவர் கண்ணுக்குள் நடப்பது

புல்தரை கோல்ஃபிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் ஒரு பழக்கம் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே அடுத்தவரின் பட்டிங் கோட்டை மிதிக்கக் கூடாது, ஏனென்றால் பந்து அந்தப் புல்லின் மேல்தான் உருளப் போகிறது, காலடித் தடம் பந்தைத் திருப்பிவிடும். டிஸ்க் போவது காற்றில். நடுவே நீங்கள் நடந்து போனதால் காற்றில் பள்ளம் விழாது. ஆகவே டிஸ்க் கோல்ஃபில் வழியை விட்டு விலகுவதற்கு ஒரே காரணம் எறிபவரின் கண்ணும் காதும்தான்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், கோல்ஃப் பட்டிங்கிலும் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவிலும் ஆட்டக்காரர்களின் கண் எங்கே நிற்கிறது என்று அளந்து பார்த்தவர். அசைவு தொடங்குவதற்குச் சற்று முன், இலக்கின் மேல் கண் கடைசியாக நிலைத்து நிற்கிற அந்த இடைவெளிக்கு அவர் வைத்த பெயரை 'அமைதியான கண்' என்று சொல்லலாம். தேர்ந்தவர்களிடம் அது நீளமாக இருக்கிறது, புதியவர்களிடம் கண் அங்கும் இங்கும் தாவுகிறது. டிஸ்க் கோல்ஃப் பயிற்சியில் "கூடையைப் பார்க்காதே, ஒரு சங்கிலிக் கண்ணியைப் பார்" என்று சொல்வது இதே சங்கதிதான்.

இப்போது அந்த ஒற்றைக் கண்ணிக்குப் பின்னால் ஒருவர் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுகிறார். நம் பார்வையின் ஓரப் பகுதி எழுத்து வாசிக்கவோ முகம் அடையாளம் காணவோ உதவாது, ஆனால் அசைவைப் பிடிப்பதில் அது கில்லாடி. எறிபவர் வேண்டாம் என்று நினைத்தாலும் கண் ஒரு கணம் அங்கே போய்விட்டு வரும். பட் கெட்டுப்போக அது போதும்.

"கூடைப்பந்தில் கூடைக்குப் பின்னால் ஆயிரம் பேர் கையை ஆட்டிக் கத்துகிறார்கள், அவன் போடுகிறானே?" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். அங்கே இரைச்சலும் அசைவும் ஆரம்பத்திலிருந்து முடியும்வரை ஒரே சீராக இருக்கிறது, மூளை அதை ஒரு சுவர் மாதிரி ஒதுக்கிவிடும். மரங்களுக்கு நடுவே, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் பையின் ஒரே ஒரு ஜிப் இழுபடும் சத்தம் அப்படி ஒதுங்காது. இந்த ஆட்டம் மௌனத்தை வழக்கமாக்கிக்கொண்டதால்தான் சின்னச் சத்தமும் பெரிதாகிறது என்று சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். வழக்கம் அப்படி அமைந்துவிட்டது, அதற்குள்தான் ஆட வேண்டும்.

## நிற்கும் இடத்தின் கணக்கு

மனிதனின் இரு கண் பார்வையும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 200 பாகை விரியும். அதாவது நேர் முன்னாலிருந்து இடப்பக்கம் 100, வலப்பக்கம் 100. எறிபவருக்குச் சரியாகப் பக்கத்தில், தோளுக்குத் தோள் நேராக நின்றால், அது 90 பாகை, நீங்கள் இன்னும் தெரிகிறீர்கள், அசைந்தால் நன்றாகவே தெரிவீர்கள். அங்கிருந்து ஒன்றிரண்டு அடி பின்னால் வைத்தால் பார்வை எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். இவ்வளவுதான் தேவை.

எதிர்ப்புறம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட் 10 மீட்டர், நீங்கள் கூடைக்கு 2 மீட்டர் பின்னால், 2 மீட்டர் பக்கவாட்டில் நிற்கிறீர்கள். ஒதுங்கித்தானே நிற்கிறோம் என்று தோன்றும். எறிபவருக்கு அது நேர்ப்பார்வையிலிருந்து 10 பாகைகூட இல்லை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலமே கிட்டத்தட்ட 10 பாகை, அந்த அளவுக்குக் கிட்டே இருக்கிறீர்கள். கூடைக்குப் பின்பக்கம்தான் மைதானத்திலேயே மோசமான இடம், அதில் பேரமே கிடையாது.

அப்படியானால் நேர் பின்னால் நிற்கலாமா? கண்ணில் பட மாட்டீர்கள், டிஸ்க் காற்றில் போவதும் அருமையாகத் தெரியும். ஆனால் எறிபவரின் உடம்பே காலை மறைத்துவிடும், மார்க்கரும் தெரியாது, நடுவர் வேலை நடக்காது. தவிர, முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் ஆள் நின்றால் பலருக்கும் கழுத்தில் ஊர்கிற மாதிரி இருக்கும்.

நல்ல இடம், எறியும் கைப் பக்கம், தோளுக்குச் சாய்வாகப் பின்னால், நாலைந்து மீட்டர் தள்ளி. வலது கைக்காரர் வலது காலை முன்வைத்து நிற்கும்போது அவர் நெஞ்சு சற்றே இடப்பக்கம் திரும்பியிருக்கும், ஆகவே வலப்பின்புறம் அவருக்கு முதுகுப் பக்கம். அங்கிருந்து உங்களுக்கு முன்னங்காலின் வெளிவிளிம்பு தெரியும், மார்க்கரும் அதற்கும் காலுக்கும் உள்ள இடைவெளியும் தெரியும், பின்னங்கால் மேலே எழும்பித் திரும்ப இறங்குவதும் தெரியும். இடது கைக்காரருக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள், அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் வலப்பக்கம் போய் நிற்கும் பழக்கதோஷத்தில் அவர்கள் முகத்துக்கு நேராகவே போய் நிற்பவர்கள் நிறைய. ஸ்டிராடிலுக்கு இரு பக்கமும் ஒன்றுதான், கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போனால் சரி.

எங்கே நின்றாலும் எறிபவர் மினியை வைத்துக் குனிவதற்கு முன்பே போய் நின்றுவிட வேண்டும். இடம் கொஞ்சம் தவறாக இருந்து அசையாமல் நிற்பது, சரியான இடத்தைத் தேடி அவர் கையைத் தூக்கும்போது நகர்வதைவிட எவ்வளவோ மேல்.

நிழலை மறந்துவிடுகிறோம். சாயங்கால வெயிலில் பின்னால் நிற்பவரின் நிழல் எறிபவரைத் தாண்டி மார்க்கர் மேலேயே போய் விழும். நீங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நிற்கிறீர்கள், உங்கள் நிழல் கையை அசைத்துக்கொண்டிருக்கிறது.

## சத்தமும் பேச்சும்

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வெல்க்ரோ, ஜிப், சரளைக்கல்லில் உருளும் வண்டிச் சக்கரம், எல்லாம் தெரிந்ததுதான். தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு. தன் பட்டை முடித்துவிட்டு வந்தவர் பட்டரை, அதாவது பட் போடும் டிஸ்க்கை, பைக்குள் செருகும்போது மற்ற டிஸ்க்குகளில் இடித்து வரும் 'டொக்'. அவர் மனதில் அவர் ஆட்டம் முடிந்துவிட்டது, அதனால் மற்றவர் ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பது மறந்துவிடுகிறது. டிஸ்க்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பது சுலபம்.

பேச்சில் ஒரே விதி போதும் என்பேன்: டிஸ்க் அடங்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம். சங்கிலி சத்தம் கேட்டதும் "சூப்பர்" என்று கத்துவது இயல்பு, ஆனால் சங்கிலியில் நன்றாக விழுந்த டிஸ்க் வெளியே துப்பப்படுவது இந்த ஆட்டத்தின் அன்றாடக் கொடுமை. பாராட்டு காற்றில் தொங்கும், டிஸ்க் புல்லில் கிடக்கும், எறிந்தவருக்கு இரட்டை வலி.

அடங்கிய பிறகு எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். 2021-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கூடையில், ஒரு வீச்சு பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டரிலிருந்து எறிந்து நேராகச் சங்கிலியில் போட்டார். அது பட் இல்லை, இருந்தாலும் கூட்டத்தின் நடத்தைக்கு நல்ல உதாரணம். எறியும்வரை அடங்கியிருந்த கூட்டம் டிஸ்க் உள்ளே விழுந்ததும் வெடித்தது. முன்னிலையில் இருந்த பால் மெக்பெத்தோடு சமன் ஆகி, கூடுதல் கூடைக்குப் போய், பட்டத்தையும் கான்ராடே வென்றார்.

தவறிய பட்டுக்கு என்ன சொல்வது? ஒன்றும் வேண்டாம். "கையை இன்னும் நீட்டியிருக்கணும்" என்று யாரும் கேட்காத பாடம் எடுப்பதுதான் கார்டில் வெறுப்பைச் சம்பாதிக்க மிகக் குறுக்கு வழி.

## மீறினால் என்ன ஆகும்

நன்னடத்தை மீறலுக்கு முதல் முறை எச்சரிக்கை. அதே சுற்றில் மறுபடி எந்த வகை நன்னடத்தை மீறல் நடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு தண்டம். முன்னால் பையை உதைத்ததற்கு எச்சரிக்கை வாங்கியவர் பிறகு அடுத்தவர் பட்டின்போது சத்தம் போட்டால், வேறு குற்றம்தானே என்று தப்பிக்க முடியாது. ஃபுட் ஃபால்டுக்கு இப்படி இலவச முதல் முறை கிடையாது, நேராகத் தண்டம்தான். அதனால்தான் ஒருவர் காலைச் சொல்வது அவ்வளவு கனமாக இருக்கிறது, அதைச் சொல்பவர் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எறிந்தவர் தடுமாறியதை ஓரக்கண்ணில் உணர்ந்து "தப்பு மாதிரி இருந்தது" என்று சொல்வது நியாயமில்லை. தெளிவாக நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் வரும் சில சிக்கல்கள்:

1. உங்கள் டிஸ்க்கே கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே போய் நின்று காத்திருக்க வேண்டாம், தூரமாக இருப்பவர் எறியும்வரை அவருக்குப் பின்னாலேயே இருங்கள். ஏற்கெனவே போய்விட்டீர்கள் என்றால் ஓடி வராமல், பக்கத்து மரத்தடிக்கு ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். கைக்கெட்டும் தூரம்தான் என்றால் "நான் முதலில் போட்டு முடித்துவிடட்டுமா?" என்று கேட்கலாம், தூரமாக இருப்பவர் சம்மதித்தால் வரிசை மாற்றி எறிய இடமுண்டு. கேட்காமல் போடுவதுதான் தவறு.

2. கூடையில் ஏற்கெனவே டிஸ்க்குகள் இருக்கின்றன. சிலருக்கு அவற்றை எடுத்துவிட்டால்தான் நிம்மதி, தங்கள் டிஸ்க் அதில் பட்டு வெளியே வரும் என்ற பயம். சிலருக்குக் கவலையே இல்லை. உங்கள் பட் விழுந்ததும் போய் எடுத்துக்கொண்டு வருவது இரு தரப்புக்கும் பொருந்தும், சங்கிலி ஆடி ஓய்வதற்கும் நேரம் கொடுங்கள்.

3. பையும் டிஸ்க்கும் வழியில் கிடக்கின்றன. எறியப் போகிறவர் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும், டிஸ்க் என்றால் மினியை வைத்துக் குறித்துவிட்டு எடுக்கலாம். "அதில் எங்கே பட்டுவிடப் போகிறது" என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

4. இரண்டே பேர் ஆடுகிறார்கள். ஆமோதிக்க மூன்றாவது ஆள் இல்லாததால் ஃபுட் ஃபால்ட் விவகாரம் நேர்மையை நம்பித்தான். ஆனாலும் பாருங்கள், உருண்டு போகும் டிஸ்க்குக்கு ஆமோதிப்பு தேவையில்லை.

5. எறிபவர் ஓயாமல் குறை சொல்கிறார். முப்பது மீட்டர் தள்ளி நிற்பவர் இருமினால் நின்று முறைப்பவர்கள் உண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் முதல் முறை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். இங்கே இன்னொரு விதியும் சேர்ந்து வேலை செய்கிறது. எறிய 30 விநாடி என்று ஒரு வரம்பு உண்டு, ஆனால் ஆட்டக்காரர் தன் இடத்துக்கு வந்து சேர நியாயமான நேரம் எடுத்து, எறியும் பகுதியும் இடையூறு எதுவும் இல்லாமல் தெளிவான பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நீங்கள் கூடைக்குப் பின்னால் நிற்கும்வரை அவருக்கு நேரம் ஓடவில்லை என்று அவர் வாதாடலாம். நீங்கள் ஒதுங்கி, எல்லோரும் அசையாமல் நின்ற பிறகும் அவர் சங்கிலியையே வெறித்துக்கொண்டு 40 விநாடி நின்றால், எச்சரிக்கை அவருக்குத்தான் போகும், அதைச் சொல்லும் உரிமை பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு இருக்கிறது.

எல்லோரும் போட்டு முடித்ததும் டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு முதலில் அங்கிருந்து நகருங்கள். ஸ்கோரை அடுத்த டீயில் போய் எழுதிக்கொள்ளலாம், பின்னால் வரும் கார்டில் ஒருவர் மினியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் போவதற்காகக் காத்திருப்பார்.